என்டர் எங்கே நிற்கிறது?

கலர் சார்ட்டர் மிஷினைப் பூட்ட
ஹெஃபேயிலிருந்து கோத்தகிரிக்கு வந்தவள் ஷூ யாலான்.
ஃபாக்டரி ஸ்டோரில் கணக்கெழுதுபவள் நான்.
இருவருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷ்
நடுவில், ஒரு டீ மேஜை அகலத்துக்கு.

அவள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க
உள்ளே நுழையும் சொற்கள்:
என்டர், கம் இன், கோ இன், கெட் இன், இன்டு.
"ஒரு வீட்டுக்கு இத்தனை கதவா?" என்றாள்.

காருக்குக் கெட் இன், பஸ்ஸுக்குக் கெட் ஆன்.
டிரைவர் போஜன் வழக்கைத் தீர்த்தார்:
பஸ்ஸில் நிற்கலாம், காரில் நிற்க முடியாது.
அவளுக்கு இரண்டுமே ஷாங்.
எனக்கு இரண்டுமே ஏறு.
ஷாங், ஏறு, ஷாங், ஏறு என்று
மிளிதேன் வளைவு வரை சிரித்துக்கொண்டே போனோம்.

என்டர்தான் அவளுக்குப் பிடிபடவில்லை.
"சொல்கிற ஆள் உள்ளேயா, வெளியேயா?
இந்தச் சொல் வாயே திறக்க மாட்டேன் என்கிறது."
உள்ளே இருந்து கூப்பிட்டால் ஜின் லாய்,
வெளியே நின்று அனுப்பினால் ஜின் ச்யூ.
உள்ளே வா, உள்ளே போ என்றேன் நான்.
பென்சிலைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள்,
சொந்த ஊர்க்காரியைச் சந்தையில் கண்டதுபோல.

வியாழக்கிழமை ராத்திரி கரன்ட் போனது.
மூடுபனி யாரையும் கேட்காமல்
கேட்டைத் தாண்டி முற்றம் முழுக்க நின்றது.
என் கை எனக்கே தெரியவில்லை.
சமையல்கட்டுப் பக்கம் தகரம் உருளும் சத்தம்,
பிறகு கனமாக ஒரு மூச்சு.

கரடி.

எந்தப் பக்கம் சுவர்,
எந்தப் பக்கம் தேயிலைச் சரிவு?

"ஜின் லாய்! ஜின் லாய்!"

பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது.
நல்லவேளை.
லாய் என்றால் அவள் உள்ளே இருக்கிறாள்.
அவள் இருக்கும் இடத்தில் கதவு இருக்கிறது.
அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து ஓடினேன்.
முழங்கால் படியில் இடித்தது,
ஒரு கை என் ஸ்வெட்டரைப் பற்றி இழுத்தது.

காலையில் எண்ணெய் டின் நசுங்கிக் கிடந்தது.
நோட்டைத் திறந்தாள்:
"கரடி கேம் இன்னா, வென்ட் இன்னா?"
சமையல்கட்டில்தான் யாரும் இல்லையே,
வென்ட் இன் என்றேன். எழுதிக்கொண்டாள்.

அடுப்புக்கு மேலே, பரணில்,
ராத்திரி முழுக்க இறங்காத பூனை
எங்கள் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தது.
ஷூ அதை அண்ணாந்து பார்த்தாள்.
வென்ட்டை அடித்தாள்.