அழி விசை

அறிவியல் நகரில் இரவு பதினொன்றே கால்.
சுவர் முழுக்க ஈசல். யன்னலைச் சாத்தினால் புழுக்கம்.
நான் எழுதிய கறுப்புத் திரையில்
நிரோஜன் தன் ஊரை அடிக்கிறான்:
கொக்காவில்.

கண்ணுக்கு ஐந்து எழுத்து. உள்ளே முப்பது பைட்டு.
அழி விசையை ஐந்து தரம் தட்டுகிறான்.
வரி துப்புரவாய் வெளித்துவிட்டது.
"சரிவந்திட்டுது போல" என்கிறேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல் என்டரை அமத்துகிறான்.

கொக்காவி, பக்கத்தில் ஒரு கறுத்தக் கேள்விக்குறி.
அப்படியொரு கட்டளை இல்லையாம்.

தட்டுக்கு ஒரு பைட்டுத்தான் போயிருக்கிறது.
மிச்சம் இருபத்தைந்தும்
வெறுந்திரைக்குக் கீழே
மூச்சுக்காட்டாமல் கிடந்திருக்கின்றன.

திருத்தினேன்.
வாலில் தொடங்கி, தலைப் பைட்டு வரும்வரை
பின்னால் நட, பிறகு வெட்டு. நாலே வரி.
இப்போது ஒரு தட்டுக்குக் குற்று மட்டும் கழன்று
ல மொட்டையாய் நிற்கிறது.
முழு எழுத்தையும் தூக்கவேணும் என்றேன்.
"பிழைவிட்டது குற்றிலை எண்டால்
ல என்ன பாவம் செய்தது?"

கொ-வில் வாதம் முற்றியது.
முன்னால் கொம்பு, பின்னால் அரவு,
ரெண்டுக்கும் ஒரே குறி,
ஒரு தட்டில் ரெண்டும் போய்விடும்.
நடுவில் க, தனிய.

ஒரு மணிக்கு ரீ குடித்தோம்.
ரெண்டு விதத்தையும் தெரிவாக விட்டேன்,
விரும்பினவர் விரும்பினபடி அழிக்கட்டும்.

வெறும் வரியைக் கண்டால் மட்டும்
நானும் இப்ப ஒருக்கா
என்டர் தட்டிப் பார்க்கிறேன்.