காலி வண்டி

கானாடுகாத்தான் விலக்கில், மூடிக் கிடந்த எண்ணெய் மில் கொட்டகையில்
நாங்கள் கார் செய்கிறோம்.
வருஷத்துக்கு ஏழு என்று திட்டம். போன வருஷம் நாலு.
கணக்கு எழுதுவது நான்.

ரூபாய்க்கு ஒரு நோட்டு உண்டு. அதை யாரும் திறப்பதில்லை.
உமையாள் காலையில் வந்ததும் கேட்பது கிலோ நோட்டை.
குறைந்தால் வரவு, கூடினால் பற்று.
கதவுக் கைப்பிடி போய் நாடா வந்தது: வரவு, நூற்றெண்பது கிராம்.
தரைக் கம்பளம்: வரவு, நாலு கிலோ.
பாட்டுப் பெட்டி: வரவு, மூன்று.
ஓட்டுகிறவர் பாடிக்கொள்ளட்டும் என்றாள்.

ஜகுபர் சட்டகத்துக்கு வெல்டு வைக்கிறான்.
குழாய்க் கூடு. ஒரு முனையை ஒருத்தி தூக்கிவிடலாம்.
தூக்கியும் காட்டினாள்,
கடன் விஷயமாகப் பார்க்க வந்த பாங்கி மேனேஜர் எதிரே.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"ஆச்சி, நம்ம ஊர் நிலைக்கதவே இதைவிடக் கனமாச்சே.
இவ்வளவு லேசானதை எப்படி அடமானம் வைக்கிறது?"

பிறகு சட்டம் வந்தது, தபாலில்,
கடிதக் கட்டே ஒன்றேகால் கிலோ.
ஹாரன் வேண்டும்.
கண்ணாடிக்குத் துடைப்பான் வேண்டும், துடைப்பானுக்குத் தண்ணீர்த் தொட்டி,
தொட்டிக்கு மோட்டார்.
மட்கார்டு டயரை இன்ன அளவு மூட வேண்டும்.
மோதினால் ஸ்டீயரிங் தண்டு நெஞ்சுக்கு வரக் கூடாது.
பற்று, பற்று, பற்று.
துடைப்பானுக்குத் திட்டினாள், மட்கார்டுக்குத் திட்டினாள்.
ஸ்டீயரிங் வரியை மட்டும் இரண்டு தரம் படித்தாள்.
சாயங்காலம் ஜகுபரைக் கூப்பிட்டு
முன்பக்கக் குழாய் ஒன்றைத் தடித்ததாக மாற்றச் சொன்னாள்.
கடிதம் கேட்டதைவிடத் தடித்தது. ஒன்றரை கிலோ.
"பற்றுன்னு எழுதாதீங்க" என்றாள்.
வரவிலும் எழுத முடியாது.
நடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது அந்த ஒன்றரை.

எங்கள் தராசு மாசி மாதமே கெட்டுப்போனது.
காரைக்குடி சாலையில் லாரி எடை மேடைக்குப் போனோம்.
முன்னால் ஜல்லி லாரி. பின்னால் செம்மண் டிப்பர்.
நடுவே, அவற்றின் சக்கர உயரத்தில், மஞ்சளாய் நாங்கள்.
டிப்பர் டிரைவர் இறங்கி வந்து குனிந்தார்:
"உள்ள ஆள் இருக்கா?"
இருந்தேன். தொண்ணூற்றிரண்டு கிலோ.
இன்ஜினுக்கு அடுத்தபடி அதில் கனமான சாமான்,
எந்தச் சட்டமும் கேட்காதது.
"கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா" என்றாள் உமையாள், சிரிக்காமல்.

மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
ஐநூற்றெண்பது. அறுநூறு. ஐநூற்றெண்பது.
சிவப்பு எண்கள் முடிவெடுக்காமல் தவித்தன.
எட்டு மாதம் நாங்கள் சேர்த்த கிராம்கள்,
போல்ட்டுத் தலையைக் குடைந்து எடுத்த அந்த மூன்று கிராம் வரைக்கும்,
அந்தத் தவிப்புக்குள் எங்கோ இருந்தன.
உமையாள் மூச்சை அடக்கி நின்றாள்,
தானும் மேடைமேல் நிற்பதுபோல.
ஐநூற்றெண்பது.

பையன் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினான்.
வண்டி எண்: தற்காலிகம்.
சரக்கு: காலி.
"ஏத்திட்டு வாங்க, மொத்த எடை அப்புறம் போட்டுக்கலாம்" என்றான்.

அவள் ரசீதை மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டு
ஏறிப் போய்விட்டாள்.
என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. மறதியா, கணக்கா, கேட்கவில்லை.
கருவேல மரங்களுக்கு அப்பால் மஞ்சள் போனது.
சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துப் போனது.

டிப்பரில் தொற்றிக்கொண்டு திரும்பினேன்,
பதினாறு டன் செம்மண்ணுக்கு முன்னால்.
டிரைவர் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே கேட்டார்:
"அது எவ்வளவு போகும்?"

விலையைக் கேட்டாரா வேகத்தையா, தெரியவில்லை.
இரண்டு நோட்டிலும் அந்த வரி
இன்னும் காலிதான்.