எப்பொருளும் வேண்டா அட்டை

பள்ளிவலசு நியாய விலைக் கடைக்கு
எண்ணூறு வயசு.
நான் சேல்ஸ்மேனாய் வந்து ஒன்பது வருசம்.

கருங்கல் தூண் பன்னிரண்டு. அதில் ஒன்றில்
தராசுக்கு முத்திரை வைத்த சான்றிதழ்,
ஆணி இறங்காததால் சணலில் தொங்கும்.
மழை பெய்தால் சுவர் புகையிலை நாறும்:
நாற்பது வருசம் யாரோ ஒரு வியாபாரியின் கிட்டங்கி.
அதற்கும் முந்தி பாளையக்காரர் குதிரைக்குக் கொள்ளு.
பிறகு ஒன்றியத் தொடக்கப் பள்ளி
(பள்ளி என்ற சொல்லை மட்டும்
யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை).
கூரை ஒழுகுகிறதென்று
பிள்ளைகளை ரோட்டோரக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள்.
அரிசியைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
ஒழுகுவது நிற்கவில்லை.

கர்ப்பக்கிரகத்தில் பாமாயில் பெட்டி.
அதன் பின்னால் சம்மணமிட்டு ஒருவர்.
தலை இல்லை. துணியும் இல்லை.
எனக்கு முந்தி இருந்தவர்
சட்டையை அவர் தோளில்தான் மாட்டுவாராம்.
ஊருக்கு அவர் மொட்டைச்சாமி;
ஆடு காணாமல்போனால் மட்டும் வந்து கேட்பார்கள்.

புரட்டாசியில், சர்க்கரை வந்த நாளாகப் பார்த்து
தொல்லியல் துறையிலிருந்து குமுதவல்லி என்றொரு பெண்.
காகிதச் சுருள், மை, பிரஷ், ஒரு குடம் தண்ணீர்.
வடக்குச் சுவர் மூட்டையெல்லாம் நகர்த்தணும் என்றாள்.
வரிசை கொதித்தது.
"ஏனுங்க, கல்லு எங்கீங்க போயிரப் போகுது?
சக்கரைதானுங்க போயிரும்!"

அறுபத்திரண்டு மூட்டை, செங்கோடனும் நானும்.
கடைசி மூட்டை விலகியதும்
சுவரில் வெள்ளை எழுத்து,
நேற்று யாரோ சுண்ணாம்பில் எழுதிய மாதிரி.
குமுதவல்லி தொட்டு மோந்து பார்த்தாள்.
"அரிசி மாவு."
பதினெட்டு வருசமாய்ச் சாக்கு உரசி உரசி
ஒவ்வொரு வெட்டிலும் தூசி இறங்கியிருந்தது.

படித்தாள்.
பெயர் பொரிந்து உதிர்ந்த ஒரு அரசனுக்கு யாண்டு பதினேழு.
இப்பள்ளியிருந்த சேந்தங்குரத்தியார்
முப்பத்தொரு நாள் சோறு துறந்து
முடித்த இடம் இது.
நாலே வரி.

எனக்குக் கணக்கு தானாக ஓடும்:
தலைக்கு மாதம் ஐந்து கிலோ.
ஐந்து கிலோவை வேண்டாமென்ற சுவரில்
மூவாயிரத்து நூறு கிலோ சாய்த்து வைத்திருந்தேன்.

எங்கள் அட்டைகளில் ஒரு வகை உண்டு,
எப்பொருளும் வேண்டா அட்டை.
முகவரிக்காக வைத்திருப்பார்கள்,
பனியன் கம்பெனி முதலாளி, ரெண்டு டாக்டர்.
அந்தப் பதிவேட்டில் மேலே
ஒரு வரி காலியாகத்தான் கிடக்கிறது.
எழுதவில்லை. ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

மாவைக் கழுவாமல் படி எடுக்க முடியாதாம்.
ஈரப் பிரஷால் தேய்த்தாள்.
கஞ்சித் தெளிவு போல ஒரு வெள்ளை
சுவரில் வழிந்து தரைக்கு வந்தது. பின்னாலேயே எறும்பு.
அதற்கப்புறம் எழுத்து கல்லோடு கல்லாய்ப் போனது,
அவள் கண்ணுக்குத் தெரிந்தது,
என் கண்ணுக்கு இல்லை.

நாலு மணிக்குக் கடை திறந்தேன்.
சாமியாத்தாளுக்கு ரேகை விழவில்லை.
முப்பது வருசம் மஞ்சள் வேகவைத்த கை.
முந்தானையில் துடைத்தாள், எச்சில் தொட்டாள்,
ஆறு தடவை வைத்துப் பார்த்தாள்.
மெஷின் அவளைத் தெரியாது என்றது.
காத்திருந்த நேரத்தில் கேட்டாள்:
"செவுத்துல யாரு பேராமா?"
சொன்னேன்.
"ஒரு மாசமா? சோறு வேண்டாம்னுட்டாளா?"
கொஞ்ச நேரம் பாமாயில் பெட்டியையே பார்த்தாள்.
"ஊட்டுல யாரோடயாச்சும் சண்டையா இருக்கும்."

அரிசியை நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

மூட்டைகளை மறுபடி அடுக்கினோம்,
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.
அந்தச் சந்தில் எலி ஓடுகிறதென்று
செங்கோடன் நெம்பத் திட்டுகிறான்.