கமீல் வீட்டு முருங்கை

ஆறு வருடம் நான்தான் கமீல்.
லியோனில் எனக்கு ஒரு தோட்டம் இருந்தது,
இரண்டு பிள்ளைகள், ஒற்றைக்கண் பூனை,
விருந்தாளி வரும் நாளாகப் பார்த்துப் பழுதாகும் அடுப்பு.
வாரத்துக்கு நான்கு முறை அவள் வாழ்க்கையை
எபென் கோபுரத்தின் ஏழாம் மாடியிலிருந்து
பிரெஞ்சில் எழுதி அனுப்புவேன்.
பனி எப்படி விழும் என்று தெரியாது.
தெரியாததை எழுதத்தான் சம்பளம்.
கியூர்பிப்பில் ஒரு மாலை ஆலங்கட்டி பெய்தது.
அதை வைத்து மூன்று டிசம்பர் ஓட்டினேன்.

இப்போது கமீலை இயந்திரம் எழுதுகிறது.
நான் காப்பி ஊற்றி வருவதற்குள்
நாற்பது காலைகள்,
நாற்பது விதமாகக் கருகிய ரொட்டி.
பதினான்கு பேர் இருந்தோம், மூவர் மிச்சம்.
கமீலின் கணவனை எழுதிய தயாளென் சூப்ராயென்
பிளேசான்ஸ் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறான்.
போன வாரம் பார்த்தேன்.
விவாகரத்தானவர்கள் மாதிரி
சிரித்துக்கொண்டோம்.

எனக்கு இப்போது வேலை, கெடுப்பது.
வரி ரொம்ப நேராக வந்தால் ஒரு கோணல் வைக்க வேண்டும்.
ஒரு காற்புள்ளியை விழுங்க வேண்டும்.
பூனையின் பெயரை ஒருமுறை மறந்துபோக வேண்டும்.
"மனுஷ வாடை வரணும், மதாம் கர்ப்பனென்,"
என்பார் ழெரோம்,
மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுகிற குரலில்.
நாளுக்கு நூற்றிருபது துண்டு, துண்டுக்கு ஒன்பது ரூபாய்.

இல்லாததை இயந்திரம் சொல்லிவிட்டால்
சிவப்புக் கட்டத்தில் 'உளறல்' என்று குறிப்பதும் நான்தான்.
ரோன் நதியில் அலையடித்தால் உளறல்.
ஜூலையில் கமீலுக்குக் குளிரெடுத்தால் உளறல்
(அந்தக் குளிர் யாருடையது என்று எனக்குத் தெரியும்,
இருந்தும் குறிப்பேன்).

செவ்வாய்க்கிழமை. எழுபத்திரண்டாம் துண்டு.
கமீல் எழுதுகிறாள்:

புயல் போன மறுநாள் முருங்கை விழுந்து கிடந்தது.
மரத்தைத் திட்டிக்கொண்டே கீரை உருவினோம்.
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
தெரு முழுக்க ஒரே குழம்பு வாசம்.
பக்கத்து வீட்டு ஜன்னல் பலகையிலிருந்து
ஆணி பிடுங்கும் சத்தம்தான் எங்களுக்கு ரேடியோ.

லியோனில்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
அது ரோஸ் ஹில்லில் எங்கள் தெரு.
ஆணி பிடுங்கியவர் மிஸ்யே லாவெர்தூர்,
பிடுங்கியதையெல்லாம் நிமிர்த்தி
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார், அடுத்த புயலுக்கு.
காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஏதோ ஒரு பிப்ரவரியில்
கமீலை மறந்து
நானாகவே தட்டியிருக்கிறேன்.
அன்றே அழித்தார்கள்.
அழித்ததையும் சேர்த்துத்தான் ஊட்டியிருக்கிறார்கள் போல.

வாசம் சரியாக இருந்தது.
கெடுக்க ஒரு சொல்கூட இல்லை.

தோளுக்குப் பின்னால் ழெரோம் சிரித்தார்,
"லியோனில் முருங்கையா!
பாவம், இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."
பாவம், என்றேன் நானும்.
சிவப்புக் கட்டம்.
உளறல்.
ஒன்பது ரூபாய்.

மெட்ரோவில் நின்றபடியே வந்தேன்,
வண்டியெல்லாம் ஈரக்குடை.
ரோஸ் ஹில் சந்தையில் கடையடைக்கும் நேரம்.
"பிரேத் மூரும், பிரேத் மூரும்," என்று
ஒரு பையன் தொண்டை கட்டக் கூவினான்.
முருங்கைதான்.
கப்பலேறி வந்ததில் வாலைத் தொலைத்து
இந்தத் தீவின் வாயில் மூரும் ஆனது.
யாரும் அதை உளறல் என்று குறித்து வைக்கவில்லை.

இரண்டு கட்டு வாங்கினேன், சில்லறை போதவில்லை,
நாளைக்குத் தா என்றான்.
வீட்டில் உருவ உட்கார்ந்தேன். விரல் பச்சையானது.
கமீல் இன்றைக்கு என்ன சமைப்பாள் என்று
ஒரு கணம் யோசித்தேன், பழக்கதோஷம்.
பிறகு எழுந்து
விளக்கைப் போட்டேன்.