விளக்கெண்ணெய்க் காகிதம்

ரஹாத் ஆற்றுக்கு மேற்கே
கரிசல் வெடித்துக் கிடக்கிறது.
என் கை முழங்கை வரை உள்ளே போகும்.
விரலுக்குத் தட்டுப்படும் ஈரம்
போன மழையின் மிச்சம்.

அந்தி சாய்ந்ததும்
விளக்கெண்ணெய் தோய்த்த காகிதங்களை
வெடிப்புக்கு ஒன்றாகச் செருகி நடப்பது
என் உத்தியோகம்.
விடியலில் உருவினால் ஒட்டியிருக்கும்
எள்ளில் பாதிகூட இல்லாத மணல் ஈ,
இறக்கையை மடக்கத் தெரியாமல்
செத்த பிறகும் தூக்கியே வைத்துக்கொண்டு.

கொசுவாவது காதோரம் வந்து
சொல்லிவிட்டுக் கடிக்கும்.
இது சொல்லாது.

நிலையத்தின் பழைய ஏட்டில்
மழைக்கான கட்டங்கள்
ஜூனிலிருந்து வரிசையாக நிரம்பியிருக்கின்றன.
இப்போது சில வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு
முகம் காட்டுவதில்லை.
குடித்த அளவுக்குப் பிளக்கிறது மண்.
பிளந்த அளவுக்கு வீடு, ஈக்கு.

இரவு வெப்பத்தின் கட்டத்தை நான்தான் நிரப்புகிறேன்.
நேற்று நள்ளிரவு முப்பத்து நான்கு.
பென்சில் வழுக்கியது.

சித்தனாவின் குடிசைக்குள் அதற்கும் மேலே இருக்கும்.
கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தல்ஹ் மரத்தடிக்குப் போனாள்.
பின்னால் அத்லான், தண்ணீர்க் குடுவையோடு.
"அங்கே வேண்டாம்.
அந்த மரத்தடியில்தான் என் காகிதங்கள்
புள்ளி புள்ளியாய் நிறைகின்றன" என்றேன்.
கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது:
"உள்ளே படுத்தால் வெக்கை இன்றைக்கே கொல்லும்.
ஈ கொல்ல ஆறு மாதம் ஆகும் என்று
நீதானே கூட்டம் போட்டுச் சொன்னாய்?
அந்த ஆறு மாதத்தைக் கொடு."

கொடுத்தேன்.
என்னிடம் வலை இல்லை.
வலை கேட்டு எழுதிய கடிதங்களின் நகல் இருந்தது.

எள் அறுப்பு முடிந்த வாரம் காய்ச்சல்.
மண்ணீரல் எதுவரை இறங்கியிருக்கிறதென்று
அத்லானின் வயிற்றில்
நீலப் பேனாவால் கோடு இழுத்தார்கள்.
மண்ணீரல்.
ஈரலுக்குள் எப்படி வந்தது மண்?

பதினேழு நாள் ஊசி.
இந்தத் தொடை, அந்தத் தொடை.
ஒன்பதாம் நாள் கோடு ஒரு விரல் பின்வாங்கியது,
வெள்ளம் வடிந்த கரைபோல
பழைய கோடும் அழியாமல்.

மறுபடி ஏப்ரல். மறுபடி வெடிப்பு.
கட்டில் அதே மரத்தடியில்.
நான்கு குச்சி நட்டு
தன் தோப் சேலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள்.

"எத்தனை பிடித்தாய்?"
"நூற்றுப் பன்னிரண்டு."
"பிடிபடாதது?"

நான் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி, டப்பாவில் எண்ணெய் மிச்சமிருந்தால்
கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போ.
பையன் தலை காய்ந்து கிடக்கிறது."