மறுப்பும் ஒரு பதில்தான்

ஸ்ரான்லி வீதி. இரவு பதினொண்டே கால்.
கீழே ரயர்க்கடை பூட்டியாச்சு.
குருநகர் ஐஸ் அறைக்குள்ள
விடிஞ்சால் கொழும்புக்குப் போற நண்டும் கணவாயும்.
அங்கத்தை வெப்பமானி என்னோட கதைக்கேல்லை.

திரையில முதல் வந்தது:
இணைப்பு மறுக்கப்பட்டது.
தட்டின உடனே. கண் இமைக்க முதல்.
எனக்குச் சந்தோஷம், சொன்னால் சிரிப்பியள்.
மாட்டன் எண்டு சொல்லவும் ஒரு ஆள் வேணுமெல்லோ.
வீடு இருக்கு, லைற் எரியுது,
நான் தட்டின போட்டுக்குப் பின்னால மட்டும்
காது குடுக்க ஒருத்தரும் இல்லை.
புரோகிராம் விழுந்து கிடக்கும்.
இங்க இருந்தே எழுப்பினன்.

எழும்பேல்லை.
முகவரி ஏற்கெனவே பாவனையில் உள்ளது.
செத்துப்போன பழைய இணைப்பு
கதிரையை விட்டு இன்னும் எழும்பேல்லை.
பிந்தி வரக்கூடிய கடைசிச் சொல்லுக்காக
ஒரு நிமிஷம் குந்தியிருக்குமாம். அது அதின்ர முறை.
பிளாஸ்கில கிடந்த தேத்தண்ணியை ஊத்திக் குடிச்சன்.

பிறகு வந்தது.
பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.
பதினெட்டு.
பதி

மறுமுனை இணைப்பை முறித்தது.
கரண்ட் ஒருக்கால் கண் சிமிட்டியிருக்கும்.
விழுந்தெழும்பின மெஷின்
ஆர் நீ, உன்னைத் தெரியாது எண்டிட்டுது.
பரவாயில்லை. திரும்பத் தட்டினன்.

முப்பது செக்கன்.
ஒண்டும் இல்லை.
வயரோ ரவுட்டரோ
வாசலில நிண்டு எல்லாத்தையும் விழுங்கிற காவற்சுவரோ
ஒண்டும் இல்லை.
அறுபதாக்கினன். தொண்ணூறாக்கினன்.
காத்திருப்பைக் கூட்டினால் பதில் கிட்ட வராது,
படிச்சனான்தான்.
நூற்றிருபதாக்கினன்.

காவலாளி பெனடிக்ற்றுக்கு அடிச்சன்.
ரெண்டாம் மணியில எடுத்தார்.
"கரண்ட் போட்டுது பிள்ளை. ஜெனரேற்றரும் எடுபடேல்லை."
"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"
"உங்கட மெஷின் சொல்லும் எண்டெல்லோ சொன்னவை."

ரோச் அடிச்சு, கதவிலை கிடந்த முள்ளுக் கருவியைப் பார்த்து
அவர் வாசிக்க வாசிக்க
பில்லுக்குப் பின்பக்கம் எழுதினன்.
பதினாறு.
பதினஞ்சரை.
"பிள்ளை, இஞ்ச பாரும், இது சொட்டத் துட"

திரும்ப அடிச்சால்
ஒரு பொம்பிளைக் குரல்,
சிங்களத்தில, தமிழில, இங்கிலீசில:
நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை.
மூண்டு பாஷை தெரிஞ்சும்
ஏன் எண்டு சொல்லத் தெரியேல்லை அவவுக்கு.

பில்லை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வச்சிட்டு
ஸ்கூட்டித் திறப்பைத் தேடினன்.