பதினான்காம் பதிலாளர்

பம்பைமடுவில் கறண்ட் போன பின்னேரம்.
மடிகணினியில் இருபத்தொரு சதவீதம் மிச்சம்.
பிரான்சின் வடக்கே
நிலக்கரி முடிந்துபோன சிறுநகரம் ஒன்றில்
யார் எந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று
வவுனியாவில் இருந்து எண்ணுகிறேன்.

முகாமிலிருந்து வந்த முதல் வருடம்
கேள்விக்கொத்தோடு வாகனங்கள் வரும்.
ஒருநாளில் எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்,
இரவில் கெட்ட கனவு வருகிறதா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.
மூன்று, மூன்று என்றே சொல்லிவைப்போம்.
இப்போது நான் கேட்கிறேன்.
ஐரோப்பா சொல்கிறது: மூன்று.

தலைப்பில் ஒரு சொல் இடறுகிறது.
வெகுசனவாதம் என்று எழுதச் சொன்னார் பேராசிரியர்.
சனரஞ்சகவாதம் என்கிறது திணைக்களத்தின் சொற்பட்டியல்,
ஏதோ சினிமாப் பத்திரிகையின் பெயர்போல.
இரண்டுக்குள்ளும் சனம் இருக்கிறது.
எனக்குத் தெரிந்த சனம்
விசுவமடுவிலிருந்து நடந்தது,
உழவுமெசின் பெட்டியில் தையல்மெசினும் இரண்டு கோழியும்.
சந்திக்குச் சந்தி ஒரே கேள்வி:
சனம் எந்தப் பக்கம் போகுது?
பதில் தெரிந்த ஆள் ஒருவரும் அந்தச் சனத்துக்குள் இல்லை.

பதிலாளர் பதினான்கு.
ஆண். நாற்பத்தாறு. பாண் தொழிற்சாலையில் இரவுவேலை.
குடியுரிமை கிடைத்து ஆறு வருடம்.
கன்னி வாக்கையே
எல்லையை மூடச்சொல்லும் கட்சிக்குப் போட்டவர்.
வட்சப்பில் நாற்பது நிமிடம்,
பின்னால் மாக் குழைக்கும் மெசினின் இரைச்சல்.

ஏன் என்று கேட்டேன், கொத்தின் ஒழுங்குப்படி.
"நாங்கள் வரிசையில நிண்டு வந்தனாங்கள் மச்சாள்.
இப்ப வாறவங்கள் நேர உள்ளுக்குப் போறாங்கள்."

எழுத்துப்படியில் மச்சாளை வெட்டினேன்.
ஒழுக்கநெறிக் குழுவின் படிவத்தில்
பதிலாளருடன் உறவுமுறை உண்டா என்ற இடத்தில்
இல்லை என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டிருந்தேன்.
அவனும் அங்கே ஏதோ ஒன்றுக்குள் இதைத்தான் போட்டிருப்பான் என்று நினைத்தேன்.
அந்த ஊரில் புள்ளடி இல்லையாம்.
பெயர் அச்சடித்த தாளை மடித்து உறைக்குள் இடுவதாம்.
குறிப்பில் திருத்திக்கொண்டேன்.

மூடிய தொழிற்சாலை எத்தனை,
கடைசி ரயில் நின்ற ஆண்டு,
வாடகைக்கு எதிரே சம்பளம்,
எல்லாவற்றுக்கும் நிரல் இருக்கிறது.
வரிசைக்கும் ஒரு நிரல் திறந்தேன்.
ஒன்று என்று அடிக்கையில் விரல் நின்றது.

செட்டிகுளம். நான்காம் வலயம். பவுசர் வரும் நேரம்.
அம்மாவுக்கு மூன்று நாளாய் வயிற்றோட்டம்,
எனக்கு முன்னால் நூற்றுக்கு மேல் வாளிகள்.
கேதீசன் என் மஞ்சள் வாளியைப் பறித்துக்கொண்டுபோய்
ஐந்தாவதாக வைத்தான்.
கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கத்தினாள்.
"இது விடியவிலிருந்து இஞ்சதான் நிக்குது அக்கா,"
என்றான், முகம் கோணாமல்.
தண்ணி ஐம்பதாவது வாளியோடு முடிந்தது.
அவளுடையது நிரம்பியதா என்று
அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறார்:
தூய மக்கள் இருக்கிறார்கள், கெட்ட மேட்டுக்குடி இருக்கிறது,
உன் மூன்றாவது ஆள் எங்கே?
இரண்டு பக்கத்தில் விளக்கு, என்கிறார்.
விளக்கலாம்.
வெளியே ஓமந்தைப் பக்கம் போகிற வாகனம் ஒன்று
ஒலிபெருக்கியில் நெல்விலை பற்றிச் சத்தம் போடுகிறது,
உண்மையான விவசாயி, உண்மையான விவசாயி என்கிறது,
மீதி காற்றோடு போய்விட்டது.

வைக்கும் முன் கேட்டான்,
"ஆராய்ச்சியில என்னைக் கெட்டவனா எழுதுவியோ?"
பெயர் வராது என்றேன்.
மெசின் நின்றிருந்தது. கொஞ்சநேரம் பேச்சில்லை.
"வந்தால் என்ன," என்றான். "போடன்."

ஒன்பது சதவீதம்.
படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.